குறைகாற்று நெருப்பின் சரித்திரம்

ஒரே குழியில் வெட்டிய மண்ணை ஒரே நாளில் பிசைந்து, ஒரே கையால் வனைந்து, ஒரே சூளையில் அடுக்கிச் சுட்ட கலங்களுள் சில செந்நிறமாகவும், சில கருநிறமாகவும், சில பாதி சிவந்து பாதி கறுத்தும் வெளிவருதலை நம் சங்கத்து அன்பர் பலரும் கண்டிருப்பர். சூளை வாய்த்தது என்றும், வாய்க்கவில்லை என்றும் சொல்லி அமைதல் உலக வழக்கு. ஆயின் இவ்வேறுபாடு விதியால் வருவதன்று. வனைந்தவர் கைப்பிழையாலும் பெரும்பாலும் வருவதன்று. எரிகின்ற நெருப்பு உட்கொள்ளும் காற்றின் அளவு சூளையினுள் இடத்துக்கு இடம் மாறுவதாலேயே இது நேர்கின்றது.

இவ்வுண்மையை உலகத்துப் பல தேசத்துக் கலஞ்செய்வோர் எவ்வாறு கண்டறிந்தனர், எவ்வாறு கையாண்டனர், சிலவிடத்து எவ்வாறு இழந்து மீண்டும் பெற்றனர் என்பதை இக்கட்டுரையிற் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம். விறகுச் சூளைக்கு மாற்றாக வாயுச் சூளை பரவிவரும் இக்காலத்தில் இச்சரித்திரம் வெறும் பழங்கதையன்று. புதுச்சூளையின்முன் நின்று, மேல்தட்டுக் கலம் பசுமையாகவும் கீழ்த்தட்டுக் கலம் மஞ்சளாகவும் வருவதேன் என்று மயங்கும் இளைஞர்க்கு இதனுள் விடையுண்டு.

நெருப்பின் இருவகை

எரிதல் என்பது விறகிலோ வாயுவிலோ உள்ள கரியும் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுதலாம். வேண்டிய அளவு காற்றோ, அதனினும் மிகுதியோ கிடைக்குமாயின் எரிபொருள் முற்றும் எரிந்து கரியமிலவாயுவும் நீராவியுமாக மாறிப் போய்விடும். இதனை நிறைகாற்று நெருப்பு என்போம். காற்றுப் போதாதாயின் எரிபொருள் முற்றும் எரியாது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் குறையெரிவு வாயுவும் ஹைட்ரஜனும் எஞ்சிச் சூளையினுள் நிறையும். இதனைக் குறைகாற்று நெருப்பு என்போம். இரசாயன நூலார் இதன் தொழிலை ஒடுக்கம் என்று வழங்குவர்.

குறைகாற்று நெருப்பு பசித்த நெருப்பாகும். காற்றிற் கிடையாத பிராணவாயுவை அது மண்ணிலும் பூச்சிலும் உள்ள உலோகத் துருக்களினின்று பறித்துக்கொள்ளும். மண்ணைச் சிவப்பிப்பது அதிலுள்ள இரும்புத் துரு. அத்துருவிலிருந்து பிராணவாயு ஒரு பங்கு நீங்குமாயின் செம்மை மறைந்து சாம்பல் நிறமும் கருமையும் தோன்றும். கண்ணாடிப் பூச்சில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை இரும்புத் துரு சேர்ப்போமானால், நிறைகாற்று நெருப்பில் அது தேன் நிறமாகவோ மஞ்சளாகவோ வரும். குறைகாற்று நெருப்பிலோ நீர்ப்பாசி போன்ற தண்ணிய பசுமை கொள்ளும். செம்பின் செயல் இன்னும் வியப்பானது. நிறைகாற்றில் பச்சை நிறங் காட்டும் அதே செம்பு, குறைகாற்றில் இரத்தச் சிவப்பாக மாறும். பூச்சு ஒன்றே, மண் ஒன்றே. நெருப்பின் பசியே நிறத்தை மாற்றுகின்றது என்பதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

எனவே தொழிலின் முழு இடரும் ஒரு வினாவில் அடங்கும். ஒரு கலத்தை இவ்வாறு சுடுதல் அரிதன்று; சூளை நிறைய அடுக்கிய நூறு கலங்களுக்கும், மேலும் கீழும் முன்னும் பின்னும் அப்பசி ஒப்பச் சென்று சேருமாறு செய்வது எங்ஙனம்?

தமிழகத்துக் கருஞ்செங்கலம்

இவ்வினாவைத் தமிழகத்து முன்னோரும் எதிர்கொண்டனர். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை 1876 ஆம் ஆண்டில் ஜாகோர் என்னும் ஜெர்மானியரும், 1899 ஆம் ஆண்டு முதலாக அலெக்ஸாந்தர் ரீ என்பாரும் அகழ்ந்து, முதுமக்கட் டாழிகளையும் அவற்றோடு பலவகைக் கலங்களையும் வெளிப்படுத்தினர். 1945 ஆம் ஆண்டில் வீலர் துரை அகழ்ந்த அரிக்கமேட்டிலும், கொடுமணலிலும், இந்நூற்றாண்டில் அகழப்பெற்ற கீழடியிலும் உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்து, வெளியே அடிப்பாகம் சிவந்து விளங்கும் கலங்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தொல்பொருள் ஆராய்ச்சியாளர் இவற்றைக் கறுப்புச் சிவப்புக் கலம் என்பர். தமிழ் பிராமி எழுத்தாற் பெயர் கீறிய ஓடுகள் பலவும் இவ்வகைக் கலத்தின் உடைவுகளே.

ஒரு கலத்தில் இருநிறம் இவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து நிற்பது தற்செயலாக இயலாது. கலத்தைக் கவிழ்த்து வைத்து, உள்ளும் வாயைச் சுற்றியும் இலை, தழை, உமி முதலியன நிரப்பிச் சுட்டால், அவை புகைந்து உள்ளேயுள்ள காற்றை உண்டுவிடும். அப்பகுதி கரியேறிக் கறுக்கும். காற்று தாராளமாகப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். இஃது ஆராய்ச்சியாளர் ஒருசாரார் கொள்கை. முதலிற் செங்கலமாகச் சுட்டெடுத்துப் பின்னர் மறுமுறை புகையும் தழையிற் கவிழ்த்தனர் என்பது மற்றொரு சாரார் கொள்கை. எவ்வாறாயினும், ஒரு சூளையினுள்ளே இரண்டு நெருப்புகளை வேண்டிய இடத்தில் வேண்டியவாறு நிறுத்தும் வித்தை தமிழகத்தில் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே கைவந்திருந்தது என்பதில் ஐயமில்லை. இங்குக் கருமைக்குக் காரணம் இரும்பு மட்டுமன்று. மண்ணின் நுண்துளைகளிற் படிந்த கரியும் பெரும்பங்கு கொண்டது.

புறநானூற்றின் 228 ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் தாழி வனையும் கலஞ்செய் கோவை விளித்து, அவர்தம் சூளையினின்று வானில் எழும் திரண்ட இருட்புகையைக் குறிப்பிடுகின்றார். சூளைப் புகை அக்காலத்துப் புலவர் கண்ணுக்குப் பழகிய காட்சி என்பது இதனால் விளங்கும்.

யவனர் கண்ட மூவகை நெருப்பு

இனி யவன தேசத்தை நோக்குவோம். ஆதென்ஸ் நகரத்தில் கலஞ்செய்வோர் வாழ்ந்த சேரிக்குக் கெரமைகோஸ் என்று பெயர். கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் அங்கே செய்த, செம்மண் உடலிற் கருமை பளபளக்கும் சித்திரக் கலங்கள் இன்றும் உலகத்துக் காட்சிச்சாலைகளை அலங்கரிக்கின்றன. அக்கருமை தனியானதொரு சாயமன்று. கலத்தின் மண்ணையொத்த களிமண்ணையே நீரிற் கரைத்துத் தெளியவைத்து, மிக நுண்ணிய பகுதியை மட்டும் எடுத்துப் பூசினர். அவ்வாறாயின் உடல் சிவந்து பூச்சுமட்டும் கறுத்தது எப்படி?

விடை நெருப்பின் வரிசையில் உள்ளது. முதலிற் காற்றை நிறைய விட்டுச் சூளையைச் சூடேற்றினர். உடலும் பூச்சும் சிவந்தன. வெப்பம் ஏறத்தாழ 900 பாகையை அடைந்தபோது துளைகளை அடைத்து ஈரவிறகும் பச்சைத் தழையும் இட்டனர். உடலும் பூச்சும் ஒருங்கே கறுத்தன. அவ்வெப்பத்தில் நுண்ணிய பூச்சு இளகி இறுகித் தன்னைத்தானே மூடிக்கொண்டது. மூன்றாவதாக மீண்டும் காற்றைத் திறந்துவிட்டனர். நுண்துளையுள்ள உடல் காற்றை ஏற்று மறுபடியும் சிவந்தது. மூடிக்கொண்ட பூச்சு காற்றை ஏலாது கருமையாகவே நின்றது. இவ்வித்தை பிற்காலத்தில் வழக்கொழிந்தது. ஐரோப்பியர் நெடுங்காலம் முயன்றும் இதன் மருமம் விளங்கவில்லை. 1942 ஆம் ஆண்டில் தியோடோர் ஷூமன் என்னும் ஜெர்மானிய இரசாயனர் இதனைத் தெளிவாக்கினார்.

நாம் இங்குக் குறிக்கத்தக்கது ஒன்றுண்டு. காட்சிச்சாலையிலுள்ள யவன கலங்கள் சிலவற்றில் கறுத்திருக்கவேண்டிய இடத்திற் செந்நிறத் திட்டுகள் காணப்படுகின்றன. கலத்தோடு கலம் நெருங்கியிருந்த இடத்தில் நெருப்பின் பசி சென்று சேராமையால் விளைந்த குறை அது. புகழ்பெற்ற அவ்வினைஞர்க்கும் ஒப்பச் சுடுதல் அரிதாகவே இருந்தது. ஆதலின் அவர்கள் ஓர் உபாயம் கண்டனர். நடுவே துளையிட்ட சிறு சோதனைச் சில்லுகளைச் சூளையின் பார்வைத் துளைக்கு அருகில் வைத்து, எரிநடுவே கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து நிறம் பார்த்தனர். அத்தகைய சில்லுகள் ஆதென்ஸில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கொரிந்து நகரத்தருகே 1879 ஆம் ஆண்டிற் கிடைத்த பழைய மட்பலகைகளில், சூளையின்முன் நின்று நெருப்பைப் பேணும் தொழிலாளர் உருவம் தீட்டப்பட்டிருக்கின்றது.

சீன தேசத்து டிராகன் சூளை

குறைகாற்று நெருப்பை அதன் உச்சநிலைக்குக் கொண்டுசென்றவர் சீனர். தென்சீனத்தில் மலைச்சரிவின்மீது நீண்டு கிடக்கும் குகை போன்ற சூளைகளைக் கட்டினர். சரிவில் ஏறும் டிராகன் என்னும் கற்பனைப் பாம்பு போன்றிருத்தலின் அவற்றிற்கு டிராகன் சூளை என்று பெயர். செஜியாங் மாகாணத்து லோங்சுவான் ஊரில் தென்சோங் அரசர் காலத்தில், அதாவது 1127 முதல் 1279 வரை, இச்சூளைகளிற் சுட்ட பசுங்கலங்கள் பச்சைமணிக் கல்லோடு ஒப்பிடப்பெற்றன. ஐம்பது மீட்டருக்கு மேல் நீண்ட சூளைகளும் அங்கிருந்தன.

அவ்வளவு நீண்ட சூளையில் நெருப்பை ஒப்ப நிறுத்தியது எவ்வாறு? சரிவே புகைபோக்கியாக நின்று சுவாலையை மேல்நோக்கி இழுத்தது. அடிவாயில் முதலில் எரித்து, அப்பகுதி பதமானவுடன் அதனை நிறுத்திப் பக்கச்சுவரிலுள்ள துளைகளின் வழியே அடுத்த பகுதிக்கு விறகிட்டனர். அது பதமானபின் அதற்கு மேற்பகுதிக்கு ஏறினர். இவ்வாறு நெருப்பு படிப்படியாக மலையேறிற்று. வெந்து முடிந்த கீழ்ப்பகுதியின் வழியே வரும் காற்று அங்குள்ள சூட்டை ஏற்றுக்கொண்டு மேலே சென்றமையால் விறகும் மிச்சமாயிற்று. நீண்ட சூளை முழுவதையும் ஒரே சமயத்தில் ஒப்பச் சுட முயலாமல், சிறுசிறு பகுதியாக ஒப்பச் சுட்டதே அவர் கண்ட வழி. கலங்களைச் சாம்பலும் நேர்ச்சுவாலையும் தாக்காதவாறு தீமண்ணாலான உறைக்கலங்களுள் வைத்து அடுக்கினர்.

இக்கலங்கள் கடல் கடந்து பல தேசம் சென்றன. 1323 ஆம் ஆண்டில் கொரியக் கடலில் மூழ்கிய கப்பலொன்று 1975 இற் கண்டுபிடிக்கப்பட்டு, அதனினின்று இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மட்கலங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி லோங்சுவான் பசுங்கலமே. இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது இப்பசுங்கல ஓடுகள் அகப்பட்டன. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281 ஆம் ஆண்டிற் பொறித்த தமிழ்க் கல்வெட்டொன்று தமிழ் வணிகர் அங்குச் சிவாலயம் அமைத்ததைத் தெரிவிக்கின்றது. ஆகவே குறைகாற்று நெருப்பின் இவ்வரிய விளைவைத் தமிழர் எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே கையில் ஏந்தியிருந்தனர் எனல் மிகையன்று.

எரிபொருள் மாறினால் நிறமும் மாறும் என்பதற்கும் சீனத்தில் சான்றுண்டு. வடசீனத்து ஹெபெய் மாகாணத்தில் டிங் என்னும் வெண்கலம் செய்தோர் முதலில் விறகெரித்தனர். அப்பொழுது கலம் இளநீலஞ் சார்ந்த வெண்மை பெற்றது. பின்னர் அவர்கள் நிலக்கரிக்கு மாறினர். நிலக்கரி நெருப்பு நிறைகாற்றை நாடுவது. ஆகவே அதே மண்ணும் பூச்சும் தந்தத்தின் மஞ்சள் சாயல் கொண்டன. விறகு இயல்பாகவே நெடுஞ்சுவாலையும் புகையும் எழுப்பிக் குறைகாற்றை உண்டாக்கும். வேறு எரிபொருள் தானாக அதனைச் செய்யாது. இச்செய்தி வாயுச் சூளையைப் பற்றிப் பேசுங்கால் நமக்குப் பயன்படும்.

இழந்து பெற்ற செந்நிறம்

ஜிங்டெசென் என்பது சீனத்தின் பெரிய பீங்கான் நகரம். அங்கே மிங் வமிசத்துச் சுவாந்தே அரசர் காலத்தில், 1426 முதல் 1435 வரை, செம்பினாற் சிவந்த கலங்கள் மிகச் சிறந்த நிலையிற் செய்யப்பட்டன. அரச வழிபாட்டுக்கு உரியனவாக அவை மதிக்கப்பட்டன. இந்நிறம் மிகவும் நுட்பமானது. காற்று சற்று மிகுந்தாற் செம்பு பசுமையாகும் அல்லது நிறமே இன்றிப் போகும். காற்று மிகக் குறைந்தால் ஈரல் போன்று கருகும். வெப்பம் மிகுந்தாற் செம்பு ஆவியாகிப் பக்கத்துக் கலத்திற் போய்ப் படியும். ஒரு சூளையில் அடுக்கியவற்றுட் சிலவே தேறும், மற்றவை உடைத்தெறியப்படும்.

பின்வந்த தலைமுறைகளில் இவ்வித்தை குன்றிற்று. ஜியாஜிங் அரசர் காலத்தில், அதாவது 1522 முதல் 1566 வரையுள்ள காலத்தில், செம்புச் சிவப்பு இயலாமையால் அதற்குப் பதிலாக இரும்புச் சிவப்பைப் பூச்சின்மேற் குறைந்த சூட்டில் ஏற்றி அரண்மனைக்கு அனுப்ப நேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு தேசத்தின் தலைசிறந்த வித்தை கைநழுவிப் போயிற்று. அரண்மனையும் சூளையும் மண்ணும் விறகும் அங்கேயே இருந்தன. எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில், எவ்வளவு அடைப்பு என்னும் அறிவுமட்டும் இல்லை. 1705 முதல் 1712 வரை ஜியாங்ஸி மாகாணத்தை ஆண்ட லாங் டிங்ஜி என்னும் அதிகாரியின் காலத்தில் இச்செந்நிறம் மீண்டும் கைகூடிற்று. அவர் பெயராலேயே அது லாங் கலம் என வழங்குகின்றது. அதே 1712 ஆம் ஆண்டிலும் 1722 ஆம் ஆண்டிலும் தாந்திரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அந்நகரத்துத் தொழில்முறைகளைக் கடிதங்களாக எழுதி ஐரோப்பாவிற்கு அனுப்பினார்.

சூளை வாய்க்காமையின் துயரத்துக்கு அந்நகரத்து ஐதிகம் ஒன்று சாட்சி. 1599 ஆம் ஆண்டில் அரண்மனைக்கென்று மிகப் பெரிய தொட்டிகள் செய்யுமாறு அதிகாரி கட்டளையிட, அவை சூளைதோறும் பிளந்துபோயின. தொழிலாளர் அடியும் பசியும் பொறாது வருந்தினர். அது காணச் சகியாத டோங் பின் என்னும் சூளைத் தொழிலாளி எரியும் சூளையிற் பாய்ந்து உயிர்விட்டார் என்றும், அச்சூளையின் தொட்டிகள் குறையின்றி வந்தன என்றும் கூறுவர். அவரைக் காற்றுக்கும் நெருப்புக்கும் உரிய தெய்வமாக்கி அவ்வூரார் கோயில் எடுத்தனர். காற்றும் நெருப்பும் ஒத்து நில்லாமையால் ஒரு மனிதர் உயிரே கொடுக்க நேர்ந்தது என்னும் இக்கதை, சூளையடியில் வாழ்வு நடத்துவோர் நெஞ்சை உருக்கும்.

ஜெர்மனியிற் பிறந்த கணக்கு

நெடுங்காலம் கண்ணையும் அனுபவத்தையுமே நம்பியிருந்த இத்தொழிலுக்கு அளவுகோல் தந்தவர் ஹெர்மன் ஸீகர். 1839 இற் பிறந்த இவர் 1878 ஆம் ஆண்டில் பெர்லின் அரசாங்கப் பீங்கான் சாலையைச் சார்ந்த சோதனைச்சாலையின் தலைவரானார். சீனத்துச் செந்நிறத்தை ஆராய்ந்து, செம்புப் பூச்சின் கூட்டையும் அதற்குரிய நெருப்பையும் கண்டு தாமே அத்தகைய கலங்கள் செய்து காட்டினார். 1886 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கூம்புகள் உலகெங்கும் பரவின. களிமண்ணும் சுண்ணமும் பிறவும் அளவாகக் கலந்து செய்த அச்சிறு கூம்புகள் ஒவ்வொன்றும் குறித்ததொரு சூட்டில் வளைந்து சாயும். சூளையின் மேல், நடு, கீழ் மூன்றிடத்தும் ஒரே வகைக் கூம்பை வைத்தால், சூடு ஒப்பச் சென்றதா என்பதை எவரும் அறியலாம்.

எனினும் கூம்பு சூட்டைமட்டும் காட்டும். காற்றின் குறைவைக் காட்டாது. அதற்குப் புகைவாய் வாயுவை எடுத்துப் பகுத்தறியும் கருவிகள் வந்தன. இக்காலத்தில் ஜிர்க்கோனியா என்னும் பொருளாற் செய்த பிராணவாயு மானி உள்ளது. சூளையுட் காற்றையும் வெளிக்காற்றையும் அது மின்விசையால் ஒப்பிட்டு நெருப்பின் பசியை எண்ணாகவே காட்டிவிடுகின்றது.

வாயுச் சூளை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸீமன்ஸ் சகோதரர் நிலக்கரியினின்று எடுத்த வாயுவால் எரியும் உலைகளைக் கண்ணாடித் தொழிலுக்கும் எஃகுத் தொழிலுக்கும் அமைத்தனர். படிப்படியாக அவ்வழி பீங்கான் சாலைகளையும் அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்கை வாயுவும், உருளையில் அடைத்த புரொபேன், பியூட்டேன் வாயுக்களும் எளிதிற் கிடைத்தமையால், தனி ஒருவரும் கட்டத்தக்க சிறிய வாயுச் சூளை பிறந்தது. இந்தியாவிலும் அது பரவிற்று. 1971 ஆம் ஆண்டில் புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் கோல்டன் பிரிட்ஜ் மட்கலச் சாலையை நிறுவி, உயர்சூட்டுக் கலத்தொழிலை மாணாக்கர் பலர்க்குப் பயிற்றினர்.

விறகுக்கும் வாயுவுக்கும் உள்ள வேறுபாட்டை முன்னரே குறித்தோம். விறகு இடுந்தோறும் சூளை புகைந்து பசிக்கும். சற்றுப் பொறுத்துத் தெளியும். வாயுவோ, காற்றை வேண்டுமளவு விட்டால் ஒருசிறிதும் புகையாது எரிந்துவிடும். ஒரு பங்கு மீதேன் முற்றும் எரிதற்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு காற்று வேண்டும். புரொபேனுக்கு 24 பங்கும், பியூட்டேனுக்கு 31 பங்கும் வேண்டும். இவ்வளவைக் குறைத்தாலன்றிக் குறைகாற்று நெருப்பு வாராது. விறகு தானே செய்த வேலையை இங்குச் சூளைக்காரர் கையே செய்யவேண்டும். ஆதலின் வாயுச் சூளை எளியது என்பாரும் உண்மை கூறினர். கடியது என்பாரும் உண்மையே கூறினர்.

எங்கும் ஒப்பச் சுடும் முறை

மேல்தட்டுப் பசுமை, கீழ்த்தட்டு மஞ்சள் என்னும் குறைக்குக் காரணம் யாது? சூடேறிய வாயு இலேசானது; மேல்நோக்கி எழுவது. ஆதலாற் சூளையின் மேற்பகுதியில் உள்ளழுத்தம் வெளிக்காற்றை விஞ்சியும், கீழ்ப்பகுதியில் வெளிக்காற்றினும் தாழ்ந்தும் நிற்கும். மேல்துளையிற் சுவாலை வெளியே நீளும். அதே நேரத்திற் கீழ்த்துளையும் கதவிடுக்கும் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். அக்காற்றுப் பட்ட கீழ்த்தட்டு நிறைகாற்று நெருப்பில் வெந்துவிடுகின்றது. மேலே சுவாலையைக் கண்டு சூளை முழுவதும் பசித்தது என்று கொள்ளுதல் பேதைமை.

பரிகாரம் வருமாறு. புகைபோக்கியின் தடுப்புப் பலகையைச் சிறிது சிறிதாக உட்செலுத்தி, மிகக் கீழுள்ள பார்வைத் துளையிலும் மெல்லிய சுவாலை வெளிநோக்கித் துடிக்கும் நிலையில் நிறுத்துக. பர்னர் வாயைச் சுற்றி உட்புகும் காற்றையும் அளவாக அடைத்திடுக. கதவின் இடுக்குகளையும் சுவரின் வெடிப்புகளையும் முன்னதாகவே களிமண்ணால் மெழுகிடுக. கரும்புகை எழும்வரை அடைத்தல் வேண்டா. கரும்புகை வீணான வாயுவே. பசித்த நெருப்புக்குக் கார்பன் மோனாக்ஸைடு போதும், கரித்தூள் வேண்டுவதில்லை. மிகையாக அடைத்தாற் சூடு ஏறாது நின்றுவிடும்; கலத்தின் உள்ளே கரி சிக்கி, பிற்பாடு கலம் கொப்புளித்து வீங்கும்.

காலமும் முக்கியம். ஏறத்தாழ 850 பாகை வரை காற்றை நிறைய விட்டு மண்ணிலுள்ள தாவரக் கரி முற்றும் எரிந்தொழியச் செய்தல் வேண்டும். அதன்மேல், பூச்சு உருகிக் கலத்தை மூடுமுன், ஒரு மணி நேர அளவு நன்றாகப் பசிக்கவிடுதல் வேண்டும். பூச்சு உருகி மூடியபின் பசித்த வாயு மண்ணினுட் புகமாட்டாது. யவனர் கலத்திற் பூச்சு தன்னை மூடிக்கொண்டு காற்றைத் தடுத்த அதே நியாயம் இங்கும் பொருந்தும். பின்னர் 1280 பாகையை ஒட்டிய முடிவு வரை மிதமான குறைகாற்றில் ஏற்றிச் செல்லலாம்.

அடுக்கு முறையும் இதற்கு உறுப்பாகும். சுவாலை எப்பொழுதும் எளிய வழியையே நாடும். ஒரு பக்கம் நெருக்கமாகவும் ஒரு பக்கம் விரலளவும் பொருளின்றியும் அடுக்கினால், வெற்றிடத்தின் வழியே நெருப்பு ஓடிவிடும். சுவருக்கும் தட்டுக்கும் இடையே ஒத்த இடைவெளி விடுக. கீழே புகைவாய் உள்ள சூளையில், பர்னருக்கும் கலத்துக்கும் நடுவே எழுப்பும் தீத்தடுப்புச் சுவர் சுவாலையை வளைகூரைக்கு ஏற்றிக் கீழே மடக்கி அனுப்புகின்றது. அச்சுவரில் ஒரு செங்கல் கூட்டியும் குறைத்தும் மேல்கீழ் வேற்றுமையைத் திருத்தலாம். வாயு உருளைகளிலிருந்து விரைவாக வாயு எடுக்குங்கால் உருளை குளிர்ந்து அழுத்தம் தாழும். நெருப்பு நடுவே தளரும். ஆகவே ஒன்றற்குப் பதிலாகச் சில உருளைகளை ஒருங்கிணைத்தல் நலம்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. குறைகாற்று நெருப்பு உண்டாக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது சுவாசத்திற் புகுந்து உதிரத்திற் கலந்து, அறியாமலே உயிரைக் கவரும். வாயுச் சூளையை அடைத்த அறையில் வைத்துச் சுடுதல் கூடாது. சூளையருகே குழந்தைகளை உறங்கவிடுதல் ஒருபோதும் கூடாது. தலைநோவோ மயக்கமோ தோன்றின் உடனே திறந்த வெளிக்குச் செல்லுக. கலம் போனால் மீண்டும் வனையலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும் உண்மை யாது? தமிழர் தழையைக் கவிழ்த்த கலத்துள் அடைத்ததும், யவனர் சில்லை இழுத்துப் பார்த்ததும், சீனர் மலைச்சரிவிற் சூளையை நீட்டியதும், ஸீகர் கூம்பு வார்த்ததும் ஒரே நோக்கம் பற்றியன. நெருப்பின் பசியை அறிந்து அதனை எல்லாக் கலத்துக்கும் ஒப்பப் பங்கிடுதலே அந்நோக்கம். இவருள் எவரும் நல்லூழை நம்பிச் சும்மா இருந்தாரல்லர்.

சுவாந்தே காலத்துச் செந்நிறம் மறைந்தது மண் குறைந்தமையாலன்று. செய்தவர் நெஞ்சில் இருந்த அளவு அடுத்தவர் கைக்கு வந்து சேராமையே காரணம் என்று கொள்ளலாம். ஒரு சூளை கெட்டாற் பல நாள் உழைப்பும், மண்ணும், வாயுவுக்குக் கொடுத்த பொருளும் ஒருங்கே போம். எழுதிவைத்த கணக்கு ஒன்றிருந்தால் அடுத்த சூளையேனும் தேறும். ஆதலின் சூளை மூட்டும் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கணக்குப் புத்தகம் வைத்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். சூடு எந்நேரத்தில் எவ்வளவு ஏறிற்று, தடுப்பை எவ்வளவு செலுத்தினோம், கீழ்த்துளையிற் சுவாலை எப்படி நின்றது, எத்தட்டில் எக்கலம் எந்நிறம் கொண்டது என்னும் நான்கையும் ஒவ்வொரு முறையும் குறித்திடுக. தட்டுதோறும் ஒரு சோதனைச் சில்லை வைத்து, எரிமுடிவில் எடுத்துத் தேதியிட்டுச் சேமித்திடுக. நன்றாக வந்த சூளையின் கணக்கை மட்டுமன்றிக் கெட்ட சூளையின் கணக்கையும் கூட்டத்திற் கொணர்ந்து பிறர் அறிய உரைத்திடுக. பெண்மக்களும் இளைஞரும் அப்புத்தகத்தைப் படித்து எழுதப் பழகுவாராக.

ஒளித்து வைத்த வித்தை ஒரு தலைமுறையில் மடியும் என்பதற்குச் சரித்திரமே சான்று. எழுதிப் பகிர்ந்த வித்தை, சூளை மாறினும் எரிபொருள் மாறினும், நம் மக்கள் கையை விட்டு நீங்காது.